கொன்ரோல் லைன் பிளேன்: இந்த "லைன்" கோடு இல்ல

கூகிள்ல "கட்டுப்பாட்டுக் கோடு" எண்டு தமிழ்ல அடிச்சுப் பாருங்க. பிளேன் ஒண்டும் வராது, காஷ்மீர் எல்லைச் செய்திதான் வரிசையா வந்து நிக்கும். நான் தேடினது கொன்ரோல் லைன் பிளேன், அதாவது ரெண்டு நூல்ல கட்டி, நடுவில ஒருத்தர் கைபிடியோட நிண்டு, தன்னச் சுத்தி வட்டமாப் பறக்க விடுற, எஞ்சின் பூட்டின சின்ன மாதிரி விமானம். அதுக்குத் தமிழ்ல என்ன சொல்ற எண்டு தேடப்போய்த்தான் இவ்வளவும் எழுத வேண்டி வந்திச்சு.

கதை தொடங்கினது மட்டக்களப்புப் புளியந்தீவுல. ஒரு பழைய வீட்ட இடிக்க முதல் சாமானெல்லாம் விக்கிறாங்க எண்டு கேள்விப்பட்டு, தையல் மெஷின் ஒண்டு பாக்கலாம் எண்டு போன நான், பரண்ல ஒரு சிறகு நீட்டிக்கொண்டு கிடக்கிறதக் கண்டுட்டு மெஷின மறந்துட்டன். பல்லி முட்டை, எலிப்புழுக்கை, மேல ஒட்டின தாள் எல்லாம் கருவாட்டுத் தோல் மாதிரி உரிஞ்சு தொங்குது, மூக்கில மட்டும் ஒரு குட்டி எஞ்சின். வீட்டுக்கார ஐயாவுக்கு எழுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். "அது எங்கட அண்ணர்ர கொன்ரோல் லைன் மனே, கொழும்புல படிக்கக்குள்ள வாங்கினது, எழுபத்தெட்டுச் சூறாவளிக்குக் கூரை போன வீட்டுல இது மட்டும் தப்பின" எண்டார். 1978 நவம்பர் 23ல அடிச்ச அந்தச் சூறாவளியப் பத்தி மட்டக்களப்புல ஆரக் கேட்டாலும் ஒரு கதை வரும், இந்தப் பிளேனுக்கும் ஒண்டு இருக்கு. விலை பேசி வாங்கிட்டன், வீட்டுல பேச்சும் வாங்கிட்டன்.

இனி சொல்லுக்கு வருவம். முதல்ல "லைன்". இங்கிலீசு லைன் லத்தீன்ல இருந்து வந்தது, அங்க அது லீனியா. லீனும் எண்டா சணல் மாதிரி நார் எடுக்கிற ஒரு செடி, ஆளிவிதை வாற செடிதான், அந்த நார்ல திரிச்ச நூலுக்குப் பேர்தான் லீனியா. அதாவது லைன் எண்ட சொல் பிறக்கக்குள்ளயே நூல்தான். மேசன்மார் நூல் கட்டி நேர் பாக்கிற மாதிரி அந்தக் காலத்திலயும் நூல இழுத்துப் பிடிச்சுத்தான் நேர் பாத்திருக்காங்க, மறுகா அந்த நேருக்கே லைன் எண்டு பேர் வந்து, கடைசியா தாள்ல கீறுற கோடும் லைன் ஆகிட்டு. நாங்களும் "நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கி" எண்டு சொல்றம்தானே, அதே கதைதான். அதால கொன்ரோல் லைன்ல இருக்கிற லைனக் கோடு எண்டு மொழிபெயர்க்கிறவர் அந்தச் சொல்லின்ர பேரப்பிள்ளையக் கூட்டி வந்து அப்பப்பாவின்ர கதிரையில இருத்துறார்.

"கொன்ரோல்" இன்னும் வேடிக்கை. அது கணக்குப்பிள்ளை வேலையில பிறந்த சொல். கொன்ரா எண்டா எதிர், ரோட்டுலுஸ் எண்டா சுருள். ஒரு கணக்குச் சுருளச் சரியோ பிழையோ எண்டு ஒத்துப் பாக்க வச்சிருக்கிற இன்னொரு பிரதிச் சுருளத்தான் நடுக்கால லத்தீன்ல அப்பிடிச் சொன்னாங்க. பிரெஞ்சு வழியா இங்கிலீசுக்கு வந்து, சரிபாக்கிறது எண்டதில இருந்து அடக்கி வைக்கிறது எண்டு கருத்து மாறிட்டு. எங்கட "கட்டுப்பாடு" அப்பிடிச் சுத்தி வரேல்ல, அது நேரா "கட்டு"ல இருந்து வந்தது. கயிறு போட்டுக் கட்டுறது. மாட்டக் கட்டுறம், தோணியக் கட்டுறம். ரெண்டு நூல்ல கட்டிப் பறக்க விடுற ஒரு சாமானுக்கு இங்கிலீசுக்காரன் கணக்குப் புத்தகச் சொல்ல வச்சிருக்கான், எங்களிட்ட கயிறோட சொல்லே இருக்கி, ஆனா நாங்க அதோட கோட்டச் சேத்து பழுதாக்கி வச்சிருக்கம். இதில இன்னொரு சிக்கலும் இருக்கி, எங்கட பக்கத்துல "கட்டுப்பாட்டுப் பகுதி" எண்டு சொன்னா ஒரு வயசுக்கு மேல உள்ள ஆக்களுக்கு யுத்த காலத்து, வாவிக்கு மேற்கால உள்ள படுவான்கரையும் சோதனைச் சாவடியும்தான் ஞாபகம் வரும். விளையாட்டுச் சாமானுக்கு அந்தச் சொல்ல வைக்க எனக்கு மனமில்ல.

வேலை செய்யிற விதத்தப் பாத்தாத்தான் சரியான சொல் பிடிபடும். கைபிடியில ரெண்டு நூல், மேல ஒண்டு கீழ ஒண்டு. அது ரெண்டும் இடப்பக்கச் சிறகு நுனியால உள்ளுக்குப் போய், பிளேனின்ர நடுவில ஒரு ஆணியில கிறுகிற முக்கோணத் தகட்டுல ரெண்டு மூலையிலயும் கட்டியிருக்கும். மூணாவது மூலையில இருந்து ஒரு கம்பி வாலுக்குப் போகும். கையச் சரிச்சு மேல் நூல இழுத்தா தகடு கிறுகும், கம்பி தள்ளும், வால்ல இருக்கிற மடல் எழும்பும், பிளேன் மேல ஏறும். கீழ் நூல இழுத்தா இறங்கும். அவ்வளவுதான், இடம் வலம் எண்டு ஒண்டும் இல்ல, அத நூலே பாத்துக்கொள்ளும். அந்த முக்கோணத் தகட்டுக்கு இங்கிலீசில பெல் கிராங்க் எண்டு பேர். பெல் எப்பிடி வந்த எண்டா, கரண்ட் இல்லாத காலத்துல பெரிய வீடுகள்ல வேலைக்காரரக் கூப்பிட ஒரு அறையில கம்பிய இழுத்தா குசினியில மணி அடிக்கும், அந்தக் கம்பிய மூலைக்கு மூலை திருப்பி விடுறதுக்கு இந்த மாதிரித் தகடுதான் பூட்டுவாங்க. தமிழ்ல மணி நெம்பு எண்டு எழுதினா ஒருத்தருக்கும் விளங்காது. எங்கட ஸ்கூல் விஞ்ஞானப் புத்தகத்துல நெம்பு எண்ட சொல் இருக்குத்தானே, இதுக்கு "முழங்கை நெம்பு" எண்டு வச்சா படம் இல்லாமலே விளங்கும்.

என்ர பிளேன்ல அந்த முழங்கை நெம்பு பித்தளை, ஆணியில இறுகிப் போய் நிண்டது. மண்ணெண்ணெய் ரெண்டு நாள் விட்டு மெதுமெதுவா ஆட்டத்தான் அசைஞ்சது. அதவிட மோசம் எஞ்சின். அது ஈ.டி. பீ எண்ட இங்கிலாந்து எஞ்சின், 1 சிசி, 1948ல வந்த டிசைன். டீசல் எண்டுதான் சொல்ற, ஆனா ஷெட்டில அடிக்கிற டீசல் இல்ல, ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் மூண்டையும் கிட்டத்தட்டச் சமனாக் கலந்து ஊத்துற. பிளக் இல்ல, அமுக்கத்துச் சூட்டுலயே பத்தும், தலையில இருக்கிற திருகாணியால அமுக்கத்தக் கூட்டிக் குறைக்கிற. அந்த ஆமணக்கெண்ணெய்தான் எதிரி. ஓடக்குள்ள எஞ்சினக் காப்பாத்துற அதே எண்ணெய், வருசக்கணக்காக் கிடந்தா அரக்கு மாதிரி இறுகிடும். பலவந்தமாத் திருகினா உடைஞ்சிடும் எண்டு தெரிஞ்சதால, எஞ்சினக் கழட்டி ஒரு பழைய சட்டியில சுடுதண்ணியில வேக வச்சன். கோப்பி நிறத்துல ஒண்டு கசிஞ்சு வந்திச்சு, வீடெல்லாம் ஒரு வெடில். மூணாந்தரம்தான் பிஸ்டன் "ப்ளக்" எண்டு ஒரு சத்தத்தோட இறங்கின. அந்தச் சத்தம் ஒண்டுக்காகவே குடுத்த காசு சரி.

மரம் பல்சா. பல்சா எண்டா ஸ்பானிய மொழியில தெப்பம். தென்னமெரிக்காவில அந்த மரத்தக் கட்டித் தெப்பம் விட்டாங்க, தெப்பத்தின்ர பேரே மரத்துக்கு வந்திட்டு. எங்களிட்ட இருந்து இங்கிலீசுக்குப் போன கட்டமரான் எண்ட சொல்லும் கட்டுமரம்தானே, அங்கயும் "கட்டு". அந்தப் பக்கம் தெப்பத்தால மரத்துக்குப் பேர், இந்தப் பக்கம் மரத்தக் கட்டினதால தெப்பத்துக்குப் பேர். இத நினைச்சுக்கொண்டு இருந்ததில ஒரு நாள் பின்னேரம் ஒட்டு வேலை ஒண்டும் நடக்கேல்ல.

தாள் ஒட்டின பிறகு மேல பூசுற சாமானுக்கு டோப் எண்டு பேர். போதைச் சாமானுக்கும் அதே சொல்தான், ஆனா மூலம் டச்சு, டூப் எண்டா தொட்டுத் தின்னுற குழம்பு, தோய்க்கிற எண்ட கருத்து. மட்டக்களப்புக் கோட்டையப் போத்துக்கீசரிட்ட இருந்து 1638ல பிடிச்ச ஒல்லாந்தர் கந்தோர், லாச்சி எண்டு எத்தினையோ சொல் எங்களுக்கு விட்டுட்டுப் போனாங்க, டூப்ப மட்டும் ஏனோ தரேல்ல. தமிழ்ல "தோய்ப்பு" எண்டாப் போதும் எண்டு நினைக்கிறன். கடையில டோப் எண்டு கேட்டு நான் பட்ட பாடு வேற, கடைக்காரர் என்ன மேலயும் கீழயும் பாத்தார். மறுகா தளபாடத்துக்கு அடிக்கிற நைட்ரோசெலுலோஸ் லாக்கர்ல தின்னர் கலந்து, இழுத்து வெடிக்காம இருக்க ரெண்டு சொட்டு ஆமணக்கெண்ணெயும் விட்டுப் பூசினன். தாளுக்குப் பதிலா மருதமுனைக் கைத்தறித் துணி போடுவமா எண்டு ஒரு ஆசை வந்தது, அது வடிவுதான், ஆனா இந்தச் சிறகுக்குப் பாரம். பட்டம் கட்டுற ரிசூ தாளே ரெண்டு படை ஒட்டினன்.

இதுக்குள்ள ஒரு பிழை விட்டன். வலப்பக்கச் சிறகு நுனியத் திறக்க உள்ளுக்க வலையில கட்டுற ஈயக்குண்டு ஒண்டு ஒட்டியிருந்திச்சு. ஆரோ சின்னப் பிள்ளை போட்டிருக்கும் எண்டு கழட்டி எறிஞ்சிட்டன். மறுகாதான் விளங்கின, இடச்சிறகு ரெண்டு நூலையும் தூக்கிக்கொண்டு போறதால அந்தப் பக்கம் கீழ சரியும், அதச் சமன் செய்யத்தான் வெளிப்பக்க நுனியில பாரம் வைக்கிற. அந்த அண்ணர் கொழும்புல வாங்கின பிளேனுக்கு மட்டக்களப்பு வலையில இருந்து ஈயம் எடுத்து வச்சிருக்கார். முத்தம் முழுக்கத் தேடி, கோழி கிளறின இடத்துலதான் கிடைச்சது.

நூல் விசயத்துலயும் ஒரு பாடு. முதல் தங்கூசி நூல் (நைலோன் மீன்பிடி நூல்) கட்டினன், இங்க எங்க பாத்தாலும் கிடைக்கிற சாமான். பிழைச்சிட்டு. தங்கூசி இழுபடும், கையச் சரிச்சா முதல் நூல்தான் நீளும், பிறகுதான் மடல் அசையும். முறையாப் போடுறது மெல்லிய உருக்குக் கம்பி, பின்னின கம்பியும் இருக்கி. இந்த மாதிரிச் சின்னப் பிளேனுக்கு மீன்பிடிக் கடையில இப்ப விக்கிற பின்னல் நூலும் காணும், அது இழுபடாது. 200 கிராம் பிளேன் 9 மீற்றர் நூல்ல மணிக்கு 60 கிலோமீற்றர்ல சுத்தினா, கையில கிட்டத்தட்ட 600 கிராம் இழுவை இருக்கும், அதின்ர பாரத்தப் போல மூணு மடங்கு. ஒரு சுத்துக்கு மூண்டரைச் செக்கனும் எடுக்காது. நடுவில நிக்கிறவரும் சேந்து கிறுகவேணும், பழக்கமில்லாட்டித் தலை கிறுகி விழுந்திடுவார். செக்குல மாடுதான் சுத்தும், ஆள் நிப்பார், இங்க ஆளும் மாடாகிட்டார். உலகப் போட்டியள்ல எஃப்2சி எண்ட ஓட்டப் பிரிவுக்கு நூலின்ர நீளம் 15.92 மீற்றர் எண்டு வச்சிருக்காங்க, என்ன இந்த வெட்டின கணக்கு எண்டு பாத்தா, அந்த ஆரைக்கு வட்டத்தின்ர சுற்றளவு சரியா 100 மீற்றர் வருது. பத்துச் சுத்து, ஒரு கிலோமீற்றர்.

அமெரிக்காவில இதுக்கு யூ-கொன்ரோல் எண்டும் சொல்ற. அது பொதுச் சொல் இல்ல, ஓரிகன் மாநிலத்துல போர்ட்லாந்தில இருந்த ஜிம் வாக்கரின்ர கம்பனி வச்ச வியாபாரப் பேர். அவர்தான் 1940கள்ல இதுக்குக் காப்புரிமை எடுத்து ஊரெல்லாம் பரப்பினவர். ஆனா ஒபா செயின்ட் கிளேர் எண்டவர் 1937லயே இப்பிடிப் பறக்க விட்டிருக்கார் எண்டு பிறகு நீதிமன்ற வழக்கில வந்து, அந்தக் காப்புரிமை நிக்கேல்ல. அதால தமிழ்ல பேர் வைக்கக்குள்ள யூ-கொன்ரோல விட்டுடலாம்.

அப்ப என்ன சொல்ற? நூல் விமானம் எண்டா புத்தகம் ஞாபகம் வருது. கயிற்று விமானம் எண்டா கிணத்துக் கயிறு மாதிரித் தடிப்பா இருக்கி. கம்பி விமானம் பரவாயில்ல, ஆனா என்ர பிளேனக் கட்டினது கம்பியால இல்ல. எனக்குப் பிடிச்சது "நாண்". நாண் எண்டா இழுத்துக் கட்டின கயிறு, வில்லுல இருக்கிறது. தளர்ந்தா அது நாண் இல்ல, இந்தப் பிளேனும் அப்பிடித்தான், நூல் ஒரு செக்கன் தளர்ந்தாக் கை என்ன செய்தாலும் மடலுக்குப் போகாது, நேரா நிலத்துக்குத்தான். இன்னொண்டு, மரப்பாவைய இழுத்து ஆட்டுற கயிறுக்கும் அதே சொல். "மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று" எண்டு 1020ஆம் குறள்ல இருக்கி, வெக்கமில்லாதவன் நடமாடுறது கயித்துல ஆடுற பொம்மைக்கு உயிர் இருக்கிற மாதிரிக் காட்டுறது எண்டு. நாண் எண்டா வெக்கம், நாண் எண்டா கயிறு, ரெண்டையும் வச்சு விளையாடியிருக்கார். மரத்தால செய்த ஒண்ட நூலால இழுத்து உயிர் இருக்கிற மாதிரிக் காட்டுறதுக்கு இதவிடப் பழைய சொல் எங்க போய்த் தேடுற?

இதக் கணக்கு படிப்பிக்கிற மச்சானிட்டச் சொல்ல, "டேய், வட்டத்தில நாண் எண்டா விளிம்புல ரெண்டு புள்ளியச் சேக்கிற கோடு, உன்ர நூல் நடுவில இருந்து விளிம்புக்குப் போகுது, அது ஆரை" எண்டார். ஞாயந்தான். இங்கிலீசிலயும் அந்தக் கோட்டுக்குக் கோர்ட் (chord) எண்டுதான் சொல்ற, அதுவும் கயிறு எண்ட சொல்லுல இருந்து வந்ததுதான். ஆனா ஆரை விமானம் எண்டு வச்சா ஆரைக் கீரை விமானம் எண்டு நினைப்பாங்க. நான் நாண் விமானம் எண்டே எழுதப்போறன், கணக்குப் புத்தகத்துக்கு ஒரு நாண், பிளேனுக்கு ஒரு நாண்.

போன கிழமை கல்லடிக் கடற்கரையில எஞ்சின் ஓடாமலே, நூலக் கட்டிக் கையால வீசிச் சுத்திப் பாத்தன். ஈதர் இன்னும் கிடைக்கேல்ல, கேக்கிற இடமெல்லாம் எதுக்கு எண்டு ஒரு மாதிரிப் பாக்கிறாங்க. ரெண்டரைச் சுத்து வந்திச்சு, மூணாவதுல கடல் காத்து உள்பக்கமாத் தள்ள நூல் தளர்ந்து மணல்ல மூக்குக் குத்திட்டு, சேதம் இல்ல. பாத்துக்கொண்டு நிண்ட பொடியன் ஒருத்தன் ஓடி வந்து தூக்கித் தந்திட்டு, "மாமா, இந்தக் கட்டுப் பிளேன் இன்னொருக்கா விடுவீங்களா?" எண்டு கேட்டான். நாண் எண்டு சொல்லிக் குடுப்பமா எண்டு ஒரு நிமிசம் யோசிச்சன், மறுகா விட்டுட்டன்.