கட்டிங் வீலின் விளிம்பில் என்ன நடக்கிறது?

எங்கள் தெருமுனை வெல்டிங் பட்டறையின் சுவரில் ஓர் ஆணி. அதில் அரைவட்டமான இரும்புத் தகடு ஒன்று பல வருடமாகத் தொங்குகிறது. அது இரும்பு அறுக்கும் கைக் கிரைண்டரின் கார்டு, அதாவது சுழலும் வீலை மூடும் பாதுகாப்புத் தடுப்பு. மெஷின் வாங்கிய அன்றே கழற்றி மாட்டிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் பதிலும் தயாராக இருக்கிறது: "மூலைக்குள்ள வீல் போகாது சார், கோடும் தெரியாது." அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கார்டைக் கழற்றாதே என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அந்த வீலில் என்ன நடக்கிறது என்று யாரும் உட்கார்ந்து விளக்கியதில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் வேகம். வீட்டு மிக்சிக்குள்ளும் ஒயர் வைத்த டிரில்லுக்குள்ளும் கிரைண்டருக்குள்ளும் பெரும்பாலும் இருப்பது ஒரே வகை மோட்டார்தான். யுனிவர்சல் மோட்டார் என்பார்கள். தண்ணீர் பம்பில் உள்ள இண்டக்‌ஷன் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்ட முடியாது. யுனிவர்சல் மோட்டாருக்கு அந்தத் தளை இல்லை. சுழலச் சுழல, ஆர்மேச்சரில் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) ஓடும் மின்னோட்டத்தின் திசையை, அதன் தண்டில் உள்ள கம்யூட்டேட்டர் என்ற செம்புத் துண்டு வளையமே மாற்றிக்கொடுத்துவிடுகிறது. அதனால் பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்த பிறகும், 4 அங்குல கிரைண்டரின் வீல் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது.

இதை விளிம்பில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் வீலின் சுற்றளவு ஏறத்தாழ 31 சென்டிமீட்டர். விநாடிக்கு 183 சுற்று. அப்படியானால் விளிம்பு விநாடிக்கு 57 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம். அந்த வேகத்தில் ஒரு சிறு வட்டத்துக்குள் சுழல்வதால், விளிம்பில் உள்ள ஒவ்வொரு கிராம் பொருளையும் உள்நோக்கிப் பிடித்துவைக்க சுமார் ஆறேமுக்கால் கிலோ எடையைத் தூக்கும் அளவு பலம் வேண்டும். ஒரு கிராமுக்கு! அந்தப் பலம் அறுந்தால் துண்டு அந்த நொடியில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே நேர்கோட்டில் பறக்கும்.

சரி, பிடித்துவைத்திருப்பது எது? கட்டிங் வீல் இரும்பு இல்லை. உரசும் துகள்களைப் பிசின் கொண்டு ஒட்டி, உள்ளே கண்ணாடி இழை வலையை வைத்து அழுத்திச் சுட்ட தகடு. மெல்லிய வீல் ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதன் மேல் அச்சடித்திருக்கும் எண்களை அவசியம் படிக்க வேண்டும். விநாடிக்கு 80 மீட்டர் என்று பெரும்பாலான வீல்களில் இருக்கும். அதுதான் விளிம்புக்கு உச்ச வரம்பு. பக்கத்திலேயே நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்றும் போட்டிருக்கும்.

இங்கேதான் நான் மிகவும் பயப்படும் பழக்கம் ஒன்று இருக்கிறது. 5 அங்குல மெஷினில் கார்டைக் கழற்றிவிட்டு 7 அங்குல வீலை மாட்டுவது. நடுத்துளை இரண்டுக்கும் ஒன்றுதான், அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் 7 அங்குல வீலின் வரம்பு சுமார் 8,500 சுற்று. சின்ன மெஷின் சுற்றுவதோ 11,000. விளிம்பு விநாடிக்கு 103 மீட்டருக்குப் போய்விடும். பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், வரம்பைப் போல ஏறக்குறைய 1.7 மடங்கு இழுப்பு. கார்டு இருந்தால் அந்த வீல் உள்ளே நுழையவே நுழையாது. தெறிக்கும் துண்டைத் தடுப்பதோடு, தப்பான வீலையும் அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

வீலின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதியும் இருக்கும், பொதுவாகத் தயாரித்ததிலிருந்து 3 வருடம். பிசின் ஈரத்தை உறிஞ்சி வலுவிழக்கும் என்பதால்தான் இந்தக் கெடு. மழையில் ஒழுகும் மூலையில் வீல்களைப் போட்டு வைக்காதீர்கள். கீழே விழுந்த வீலை யோசிக்காமல் ஒடித்துப் போட்டுவிடுங்கள். பெஞ்ச் கிரைண்டரில் இருக்கும் கெட்டிக் கல்லுக்கு மட்டும் வேறு சோதனை உண்டு. பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பது போல, மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று கேட்கும். பிசின் வீலில் இந்தச் சோதனை செல்லாது.

வீல் சும்மா சுற்றும்போது உடைவதைவிட வேலை நடுவே கவ்விக்கொள்வதுதான் அதிகம் பார்த்திருப்பீர்கள். பைப்பின் இரு முனைகளையும் செங்கல் மேல் வைத்து நடுவில் அறுக்கிறோம். அறுக்க அறுக்கப் பைப் தன் எடையிலேயே நடுவில் தொய்கிறது. தொய்ந்தால் வெட்டு வாய் மேல்பக்கம் மூடும். ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் வால் பிளவில் மாட்டியது போல வீல் மாட்டிக்கொள்ளும். மோட்டார் நிற்காது, வீல் நகர முடியாததால் மெஷின் மொத்தமும் எகிறும். பெரும்பாலும் நிற்பவரை நோக்கித்தான் எகிறும். பைப்பின் ஒரு பக்கத்தை இறுக்கிப் பிடித்து, வெட்டி எடுக்கும் பக்கத்தை அந்தரத்தில் விட்டால் வாய் தானாகத் திறந்துகொண்டே போகும். பக்கவாட்டுக் கைப்பிடி எகிறலைத் தாங்கத்தான் இருக்கிறது, அதையும் ஆணியில் மாட்டிவிடக் கூடாது. வீல் சுழலும் கோட்டுக்கு நேராக முகமும் கழுத்தும் இல்லாதபடி சற்று ஒதுங்கி நில்லுங்கள். கட்டிங் வீலின் பக்கவாட்டில் பிசிறு தேய்க்கவும் கூடாது. ஒரு மில்லிமீட்டர் தகடு வளைவதற்குச் செய்யப்பட்டதல்ல.

மரம் அறுக்கும் பல் வைத்த பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவதைப் பற்றி ஒரே வார்த்தைதான்: வேண்டாம். ஒவ்வொரு பல்லும் மரத்தைக் கவ்வி இழுக்கும்; அதை அடக்கும் அடித்தட்டு கிரைண்டரில் கிடையாது.

தீப்பொறி பார்க்க அழகாக இருக்கும். உராய்வில் சூடேறிப் பிய்ந்த இரும்புத் துணுக்குகள் காற்றில் எரிவதுதான் அது. கார்பன் அதிகமான இரும்பு என்றால் பொறி கிளைகிளையாக வெடிக்கும். பழகிய கொல்லர்கள் பொறியைப் பார்த்தே இரும்பின் ரகத்தைச் சொல்வார்கள். அலுமினியத்தில் இப்படிப் பொறி வராது. கண்ணில் பட்ட இரும்புத் துணுக்கு கருவிழியில் ஒட்டி, சில மணி நேரத்திலேயே அதைச் சுற்றித் துரு வளையம் பிடிக்கத் தொடங்கும். கண்ணை மூடித் திருப்பிக்கொள்வது உதவாது. பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். துணுக்கு ஒட்டிவிட்டால் கண் மருத்துவரிடம் போங்கள், பக்கத்தில் இருப்பவர் துணி முனையால் எடுக்க வேண்டாம்.

இனி மெஷினின் உடம்பு. வேகமாக அறுபடட்டும் என்று அழுத்தினால் மோட்டாரின் சுற்று குறையும். சுற்று குறைந்தால் அது இழுக்கும் மின்னோட்டம் ஏறும், சூடும் ஏறும். குளிர்விக்கும் விசிறியோ அதே ஆர்மேச்சர் தண்டில்தான் இருக்கிறது. சூடு கூடும் நேரம் பார்த்துக் காற்று குறைகிறது. மோட்டாரின் கம்பிச் சுருள் (காயில்) கருகுவது இப்படித்தான். மெஷின் கை சுட்டால் உடனே நிறுத்திவிடாமல் சுமையின்றி ஒரு நிமிடம் ஓடவிடுங்கள்.

அந்த விசிறி இரும்புத் தூளையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. சதுரத்துக்குள் சதுரம் குறி போட்ட மெஷினுக்கு எர்த் கம்பி கிடையாது, இரட்டைக் காப்பை நம்பியே அதைக் கையில் பிடிக்கிறோம். தூள் படிந்தால் அந்தக் காப்பின் மேல் மின்சாரத்துக்குப் பாதை போட்டது போல ஆகும். வாரம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த காற்றால் ஊதிவிட வேண்டும். லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு கண்டால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், இருப்பது நல்லது. காற்றுத் துளை வழியே பொறி வளையமாகத் தெரிந்தாலோ மெஷின் விட்டுவிட்டு ஓடினாலோ முதலில் கார்பன் பிரஷ்ஷை, அதாவது கம்யூட்டேட்டரில் உரசி மின்சாரம் கொடுக்கும் கரித் துண்டை, பாருங்கள்; மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள்.

அப்புறம், வீல் போகாது என்று பட்டறையில் சொன்ன அந்த மூலை. பல கிரைண்டர்களில் கார்டு திரும்பும்; கிளாம்பைத் தளர்த்திப் பொறி உங்களுக்கு எதிர்ப்பக்கம் போகுமாறு திருப்பினாலே பாதி இடங்களில் கோடு தெரியும். அப்படியும் வீல் எட்டாத கடைசி ஓர் அங்குலத்தை ஆக்சா பிளேடால் கையாலேயே அறுத்துவிடலாம்.