‘சாட்டல்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்க அடிமை வரலாற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் முட்டுகிற சொல் ‘சாட்டல்’. ‘சாட்டல் ஸ்லேவரி’ (chattel slavery) என்று வரும், ஆளையே சொத்தாக வைத்து வாங்கி விற்கிற முறை. சிலர் இதைக் கொத்தடிமை முறை என்று எழுதிவிடுகிறார்கள், அது தப்பு. கொத்தடிமைக்குக் கடன் என்று ஒன்று உண்டு, பொய்க்கணக்கே ஆனாலும் அடைத்தால் விடுதலை என்ற பேச்சாவது இருக்கும். சாட்டலுக்கு அந்தப் பேச்சே கிடையாது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662-லேயே சட்டம் போட்டுவிட்டது.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘கபுத்’ என்றால் தலை. அதிலிருந்து ‘கபிதாலே’, அதாவது சொத்து. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் மூன்றாகக் கிளைத்தது: மூலதனத்தைக் குறிக்கும் ‘கேப்பிடல்’, மாடுகளைக் குறிக்கும் ‘கேட்டில்’, அப்புறம் நம்முடைய ‘சாட்டல்’. தமிழருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நமக்கும் மாடு என்றால் செல்வம்தான், கல்வியைத் தவிர மற்றவை ‘மாடல்ல’ என்று வள்ளுவர் சொன்னது அந்தப் பொருளில்தான். (சாட்டைக்கும் இதற்கும் சொல்லளவில் உறவு இல்லை.)

சட்டத்தில் சாட்டல் என்றால் அசையும் சொத்து. நாற்காலி, குதிரை, நெல் மூட்டை எல்லாம் சாட்டல். தென் கரோலினா 1740 சட்டத்தில் அடிமைகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. சரி, அப்படியானால் ‘அசையும் சொத்து அடிமைமுறை’ என்று எழுதிவிடலாமே என்றால், வர்ஜீனியா குறுக்கே நிற்கிறது. 1705-இல் அந்தக் குடியேற்றம் அடிமைகளை நிலம் வீடு மாதிரி அசையாச் சொத்து என்று அறிவித்தது, எஸ்டேட் உடையாமல் வாரிசுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. ஆனால் அதே சட்டத்தில், கடனுக்காக ஜப்தி செய்ய வந்தால் மட்டும் அசையும் சொத்தைப் போலவே எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் எழுதிவைத்தார்கள்! ஒரே ஆள், எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் சொத்து.

இந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தவர்கள் நீதிபதிகள். சட்டம் வருவதற்கு முன்பே, 1640-இல், வர்ஜீனியாவில் எஜமானனிடமிருந்து ஓடிப்போன மூன்று வேலைக்காரர்கள் பிடிபட்டார்கள். ஐரோப்பியர் இருவருக்கும் கூடுதலாகச் சில ஆண்டு வேலை, ஜான் பஞ்ச் என்ற கறுப்பருக்கு மட்டும் ஆயுள் முழுக்க. குற்றம் ஒன்றே.

ஆனால் சாட்டல் என்றால் என்னவென்று முழுசாகப் புரிய வேண்டுமானால் வட கரோலினாவின் ஜான் மான் வழக்கைத்தான் படிக்க வேண்டும். லிடியா என்ற பெண்ணை அவள் உடைமையாளரான எலிசபெத் ஜோன்ஸிடமிருந்து ஜான் மான் என்பவன் வாடகைக்கு எடுத்திருந்தான். அடிக்கு பயந்து ஓடியவளை நிற்கச் சொல்லி, நிற்காததால் சுட்டுவிட்டான். கீழ்க்கோர்ட்டில் ஜூரி அவனைக் குற்றவாளி என்றது: வாடகைக்கு எடுத்தவன்தானே, எஜமானன் இல்லையே. மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி தாமஸ் ரஃபின் அதைத் தூக்கிப்போட்டார். வாடகைக் காலத்தில் எஜமானனின் அதிகாரம் முழுவதும் மானுக்கு உண்டு, அடிமையின் பணிவு பூரணமாக இருக்க எஜமானனின் அதிகாரம் முழுமையாக இருந்தே ஆக வேண்டும் என்று எழுதினார். லிடியாவின் காயத்தால் அவள் விலை குறைந்தால் எலிசபெத் ஜோன்ஸ் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், வாடகைக் குதிரையின் காலை ஒடித்துவிட்டால் கேட்பதுபோல. சுடப்பட்டவளுக்கு அந்த வழக்கில் இடமே இல்லை. மனிதனாக மனம் வருந்துகிறது, நீதிபதியாகக் கடமை இழுக்கிறது என்ற தொனியில் புலம்பவும் செய்திருக்கிறார் ரஃபின். அவரே அடிமைகளை வைத்திருந்தவர், அடிமை வியாபாரத்திலும் பங்கு வைத்திருந்தவர் என்று தெரிந்த பிறகு அந்தப் புலம்பலை என்னால் மரியாதையோடு படிக்க முடியவில்லை.

1857-இல், விடுதலை கேட்டு ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை போட்ட வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமே ஏழுக்கு இரண்டு என்று இதே வழியில் போனது. அடிமை சொத்து, சொத்தைப் பறிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் விடாது, ஆகவே புதுப் பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை என்றார் தலைமை நீதிபதி ரோஜர் டேனி.

அசையும், அசையா என்ற பேதம் இவர்கள் யாருக்கும் பெரிதாக இல்லை, உடைமை என்பதுதான் உயிர்நாடி. அதனால் ‘உடைமை அடிமைமுறை’ என்று எழுதுவதே சரி என்பது என் கட்சி. ‘சாட்டல்’ தனியாக வந்தால் அசையும் சொத்து என்றே போடலாம்.

‘ஆளோலை’ என்ற நல்ல பழஞ்சொல் இருக்கிறதே என்று கேட்கலாம். திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரர் தனக்கு அடிமை என்று முதியவர் நீட்டினாரே, அந்த ஓலை. அங்கேயும் அவையோர் கையெழுத்தை ஒத்துப்பார்த்து ஓலைக்காரர் பக்கம்தான் தீர்ப்பு சொன்னார்கள். ஆனால் அது முறையின் பெயர் இல்லை, பத்திரத்தின் பெயர். அமெரிக்காவில் ஓர் ஆளை விற்கும்போது எழுதிக்கொடுத்த கிரயச் சீட்டுக்கு அதை வைத்துக்கொள்ளலாம், கச்சிதமாகப் பொருந்தும்.