ஆர்எஃப்ஐடி என்னும் வானலை அடையாளம்

சுங்கச்சாவடியில் வண்டிக் கண்ணாடியிலுள்ள ஃபாஸ்டேக்கைப் படித்துக் கட்டணம் பிடிக்கிறார்களே, அந்த நுட்பத்தின் பெயர்தான் ஆர்எஃப்ஐடி (ரேடியோ ஃப்ரீக்வென்சி ஐடென்டிஃபிகேஷன்). சில மருத்துவமனைகளில் நோயாளியின் மணிக்கட்டுப் பட்டை, இரத்தப் பை, மருந்துக் குப்பி ஆகியவற்றிலும் இது ஒட்டியிருக்கும். உள்ளே ஒரு சிறு சில்லும் மெல்லிய ஆன்டெனாவும் இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு பேட்டரி கிடையாது. எண்ணைப் படிக்கும் கருவியான படிப்பான் அனுப்பும் அலையிலேயே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லிவிடும்.

திருப்பி அனுப்பும் அலையால் தகவல் சொல்லலாம் என்று 1948இல் ஹாரி ஸ்டாக்மன் அமெரிக்காவில் கட்டுரை எழுதினார். ஆர்எஃப்ஐடி என்ற சுருக்கப் பெயர் 1983இல் சார்லஸ் வால்டன் பெற்ற காப்புரிமையோடு வந்தது என்பார்கள்.

தமிழில் ‘வானொலி அதிர்வெண் அடையாளம்’ என்று எழுதுவது பொருந்தாது. இங்கே ஒலிக்கு வேலையே இல்லை. அதிர்வெண் என்றாலும், இலங்கை வழக்கில் மீடிறன் என்றாலும், அது பொறியாளரின் கவலை, செவிலியருக்கு எதற்கு? ‘வானலை அடையாளம்’ போதும் என்பது என் கட்சி. ஒட்டப்படும் பொருளை ‘வானலை வில்லை’ எனலாம்.

ஆனால் ‘அடையாளம்’ என்பதை மட்டும் விடக் கூடாது. அறுவை சிகிச்சையில் இரத்தம் ஒற்றும் துணிகளை எண்ணி வைத்து, வயிற்றைத் தைக்கும் முன் மறுபடி எண்ணுவார்கள். கணக்கு உதைத்தால் உள்ளே தேட வேண்டும். அந்தத் துணிகளில் தைக்கப்படும் வில்லைகள் இரண்டு வகை. ஒன்று, மேலே கருவியைக் காட்டினால் ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று ஒலி எழுப்பும், அவ்வளவுதான். மற்றது ஒவ்வொரு துணிக்கும் தனி எண் வைத்திருப்பதால், வராமல் போனது எது என்றே சொல்லும். முன்னது எதையும் அடையாளம் சொல்லாது, அதனால் அதை ஆர்எஃப்ஐடி என்று அழைப்பது தவறு.

உடலுக்குள் வைக்கும் வில்லையும் வந்தது. அரிசி மணி அளவுள்ள வெரிசிப்புக்கு 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. அதில் இருந்தது நோய் விவரமல்ல, 16 இலக்க எண் மட்டுமே. பெரிதாக எடுபடவில்லை, 2010இல் விற்பனை நின்றது.

இந்த அலைகளில் பலவற்றுக்குத் தண்ணீரும் உலோகமும் ஆகாது. சலைன் பை அலையை உறிஞ்சிவிடும், எஃகுத் தட்டு திருப்பியடிக்கும். மற்ற கருவிகளையும் அலை தொந்தரவு செய்யலாம். 2008இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் தீவிர சிகிச்சைக் கருவிகள் 41க்கு அருகில், நோயாளி யாரும் இல்லாதபோது, 123 முறை சோதித்தார்கள். 34 முறை இடையூறு வந்தது. அதில் 22 ஆபத்தான வகை. பொருத்தும் முன் அந்தந்த இடத்திலேயே சோதிக்க வேண்டும் என்றார்கள்.