ஊருக்கு வந்த பிறகுதானே காய்ச்சல்?

போன டிசம்பர் 30, இரவு எட்டரை மணி. கிளினிக்கை மூடப்போகும் நேரத்தில் ஒருவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வயது 38. கண் இரண்டும் மஞ்சள். பெயரைக் கேட்டதும் சரியாகச் சொன்னார். இன்று என்ன கிழமை என்று கேட்டதற்கு ‘ஞாயிறு’ என்றார். அன்று செவ்வாய்.

கூட வந்த அம்மா ஒரு ஃபைலை நீட்டினார்கள். ஐந்து நாள் காய்ச்சலுக்குள் இரண்டு கிளினிக், மூன்று லேப். முதல் சீட்டில் டைபாய்டு. (டைபாய்டுக்குப் பார்க்கும் வைடால் டெஸ்டைப் பற்றித் தனியாக ஒரு நாள் திட்டுகிறேன்.) இரண்டாவது சீட்டில் டெங்கு, காரணம் பிளேட்லெட் 42 ஆயிரம். மனைவி கையில் ஒரு ஃபிளாஸ்க். உள்ளே பப்பாளி இலைச் சாறு.

‘எந்த ஊரில் இருக்கிறீர்கள்?’ என்று கேட்டேன். அம்மா முந்திக்கொண்டு, ‘இந்தா பக்கத்துலதாம்மா, நாசரேத் பக்கம்’ என்றார்கள். அது அம்மாவின் ஊர். மகனும் மருமகளும் ஒடிசாவில், கோராபுட்டைத் தாண்டி மலைக்கிராமங்களில் பதினோரு வருடமாக மிஷனெரிகள். அதை என்னிடம் சொன்னது கார் ஓட்டி வந்த பையன்.

ரத்தத்தடவல் (ஸ்மியர், அதாவது ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் கிருமி தேடுவது) பார்த்தோம். ஃபால்சிபாரம் மலேரியா, ஆளைக் கொல்லக்கூடிய வகை, கிருமியும் ஏராளமாக. அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆர்ட்டிசுனேட் ஊசி தொடங்கியது. ஆறு நாள் ஐசியூ. பிழைத்துவிட்டார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும். ஒரே விடுமுறைக் காலத்தில் எனக்கு இது மூன்றாவது கேஸ். அதனால்தான் எழுதுகிறேன். (ஆள் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எங்கள் நெல்லைச் சீமைக்கு இது புதிய கதை இல்லை. திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பாளையங்கோட்டையில் தொடங்கியது 1903-ல். அங்கிருந்து மிஷனெரிகள் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் போன காலம் முதல் இன்று வரை, வடக்கே பணித்தளத்தில் பிள்ளை இருக்கிற வீடு இங்கே ஒவ்வொரு சேகரத்திலும் (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்) ஒன்றாவது இருக்கும். கிறிஸ்துமஸுக்கும் மே மாதத்துக்கும் வருவார்கள். வருவது ஓய்வுக்கு என்று பெயர். உண்மையில் அவர்கள் பாடு என்னவென்றால் ஒரு ஞாயிறு இந்தக் கோயிலில் மிஷனெரி செய்தி, அடுத்த ஞாயிறு அந்தக் கோயிலில், நடுவில் அசனம் (கோயில் விருந்து), கல்யாணம், ஜெபக்கூட்டம், சித்தி வீடு, பெரியப்பா வீடு. நான் சொன்ன இவரும் 28-ம் தேதி காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பிரசங்க பீடத்தில் ஏறி நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். கேட்டவர்கள் ‘தம்பி ரொம்ப உருக்கமாப் பேசினாப்ல’ என்றார்களாம். உருக்கம் இல்லை, 103 டிகிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவது ஒரே ஒரு வாக்கியத்தால். ‘அங்க இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தான் டாக்டரம்மா, இங்க வந்த பிறகுதான் காய்ச்சல்.’

இதைச் சொல்லிவிட்டு, அப்படியென்றால் இந்த ஊர்க் காய்ச்சல்தானே என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். தண்ணீர் சேரவில்லை, ரயில் அலுப்பு, கிறிஸ்துமஸ் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை, பனியில் அலைந்தது. நம் ஊரில் மலேரியாவே கிடையாதே என்று உள்ளூர் டாக்டரும் அந்தப் பக்கம் யோசிப்பதில்லை.

அந்த அம்மாவுக்கு இதைப் புரியவைக்க, சுவரில் மாட்டியிருந்த வசனக் காலண்டரைக் கழற்றி மேஜையில் வைத்தேன். 26-ம் தேதிக் கட்டத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டேன். காய்ச்சல் தொடங்கிய நாள். 21-ல் இன்னொரு வட்டம், நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய நாள். ‘இப்ப பின்னால எண்ணுங்க’ என்றேன். மருமகள் விரல் வைத்து எண்ணினாள். பன்னிரண்டு நாள் பின்னால் போனால் டிசம்பர் 14. அன்று ராத்திரி எங்கே இருந்தீர்கள்? அவள் கொஞ்சம் யோசித்தாள். ‘மலைமேல ஒரு கிராமத்துல கேரல் ரவுண்ட்ஸ். விடிய விடிய. திறந்த வெளியிலதான் படுத்தோம்.’

அவ்வளவுதான். கடி அங்கே, காய்ச்சல் இங்கே. ஃபால்சிபாரம் உடம்புக்குள் போய்க் காய்ச்சலாக வெளியே தெரிய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகைக்கு அதைவிடக் கூடுதலாக எடுக்கலாம், சில நேரம் மாதக்கணக்கில். பாலுக்கு உறை ஊற்றினால் அப்போதே தயிராகிவிடுகிறதா? ராத்திரி ஊற்றுகிறோம், காலையில் தயிர். உறை ஊற்றியது கோராபுட்டில், தயிரானது உங்கள் வீட்டு ஹாலில். நடுவில் இரண்டு ராத்திரி ரயில் பயணம், ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனை, நாலு வீட்டு விருந்து எல்லாம் நடந்துவிட்டதால் அது இந்த ஊர்க் காய்ச்சல் ஆகிவிடாது. இன்னும் சொல்லப்போனால், வந்த அன்றைக்கே காய்ச்சல் அடிப்பதைவிட, வந்து ஐந்து நாள், பத்து நாள் கழித்து அடித்தால்தான் எனக்கு மலேரியா சந்தேகம் கூடுகிறது. ஒரு மாதம் கழித்து வந்தாலும் சந்தேகப்படுவேன். வைவாக்ஸ் என்றால் அடுத்த விடுமுறை வரைக்கும்கூட.

டெங்கு இங்கே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. டெங்கு பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டையும் பாருங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். பிளேட்லெட் மலேரியாவிலும் குறையும், நன்றாகவே குறையும். பிளேட்லெட் எண்ணிக்கையை வைத்து நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள். பப்பாளி இலைச் சாறு ஃபால்சிபாரத்தை ஒன்றும் செய்யாது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு நம்பிக்கை மிஷனெரிகளுக்கே இருக்கிறது. ‘எங்களுக்கு அது பழகிப்போச்சு.’ பதினோரு வருடம் அங்கே இருந்தால் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி வரலாம். முழுதாக வராது. வந்த கொஞ்சமும் நிலைக்காது, அந்த இடத்தை விட்டு விலகி இருந்தால் குறைந்துகொண்டே போகும். கர்ப்பத்தில் அதுவும் கைவிட்டுவிடும். உங்களுக்குப் பழகிப்போனது நோய் இல்லை, அந்தப் பயம்தான்.

பையில் மாத்திரையும் இருக்கும். பெரும்பாலும் மலேரியாவுக்கான குளோரோகுயின், பழைய அட்டை, பாதி தீர்ந்தது. 1973-லேயே அசாமில் குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரத்தைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அந்த மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டு வந்தால் நோயும் போகாது, ஸ்மியரில் கிருமி கண்ணில் படுவதும் கஷ்டமாகிவிடும்.

மலேரியா வந்ததை இவர்கள் ஏன் டாக்டரிடம் சொல்வதில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அம்மா பக்கத்தில் இருக்கும்வரை எந்த மிஷனெரியும் என்னிடம் உண்மை சொன்னதில்லை. ‘அங்க மலேரியா உண்டா?’ என்றால், ‘இப்பல்லாம் ரொம்பக் குறைஞ்சிட்டு டாக்டர்’ என்பார்கள். (ஒடிசாவில் உண்மையாகவே நன்றாகக் குறைந்திருக்கிறது, அங்குள்ள சுகாதாரத் துறையைப் பாராட்ட வேண்டும். ஆனால் குறைந்தது வேறு, இல்லாமல் போனது வேறு.) இப்போதெல்லாம் நான் அம்மாவை, ‘வெளிய போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்கம்மா’ என்று அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறேன். கதவு சாத்தியதும் நாலு தடவை வந்தது, போன ஆகஸ்டில் பாப்பாவுக்கு வந்தது என்று எல்லாம் வரும். அம்மாவுக்குத் தெரிந்தால் திரும்பப் போக விடமாட்டார்கள் என்ற பயம். எனக்குப் புரிகிறது. அம்மாவிடம் மறையுங்கள், அது உங்கள் பாடு. என்னிடம் மறைக்காதீர்கள்.

மருமகள்கள் கதை வேறு மாதிரி. ஒரு பெண், வயது 31, மாமியார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காய்ச்சல். மூன்று விடுமுறையாக இப்படியே. ‘வேலை செய்யணுமேன்னு படுத்துக்கிடுதா’ என்று மாமியார் என் முன்னாலேயே சொன்னார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஸ்மியரில் வைவாக்ஸ். வைவாக்ஸ் கல்லீரலில் தூங்கும், பிறகு எழும். அதைத் தீர்த்துக்கட்டப் பிரைமாகுயின் 14 நாள் சாப்பிட வேண்டும். இவள் வயிற்றைப் பிரட்டுகிறது என்று மூன்றாம் நாளே நிறுத்தியிருக்கிறாள். காய்ச்சல்தான் போய்விட்டதே! இந்த மாத்திரை சிலருக்கு ரத்த அணுக்களை உடைத்துவிடும், அதனால் முதலில் அதைக் கண்டுபிடிக்கும் ஜி6பிடி பரிசோதனை செய்து, சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லி, 14 நாளும் முடிக்கவைத்தேன். கர்ப்பமாக இருந்தால் இந்த மாத்திரை கூடாது, அதனால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். மாமியாரிடம் பத்து நிமிடம் பேசினேன். மருத்துவக் கல்லூரியில் இதற்குப் பாடம் கிடையாது.

பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற பெண்களுக்கு: வரவேற்பு ஆரவாரத்துக்கு நடுவில் முதல் வாரமே ரத்தம் பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிக்கு மலேரியா காய்ச்சலே இல்லாமலும் இருக்கும், ரத்தசோகையாக மட்டும் தெரியும். ‘ரத்தம் கம்மி, பேரீச்சம்பழம் சாப்பிடு’ என்று முடித்துவிடக் கூடாது.

ஜார்கண்டில் சாகிப்கஞ்ச், பாகூர், கொட்டா, தும்கா பக்கம் ஊழியம் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், மெலிவு, இடது பக்கம் வயிறு கனம் என்றால், நீங்களே வாய்விட்டு ‘காலா அசார் இருக்குமா டாக்டர்?’ என்று கேளுங்கள். மணல் ஈ கடித்து வரும் அந்தக் காய்ச்சலை இங்கே பல டாக்டர்கள் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். மண்ணீரல் வீங்கி, ரத்த அணுக்கள் எல்லாம் குறைந்திருப்பதைப் பார்த்தால் எங்களுக்கு முதலில் ரத்தப் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும். காலா அசாரைக் கண்டுபிடிக்க ஆர்கே39 என்று ஒரு எளிய பரிசோதனை இருக்கிறது. மருந்தும் இருக்கிறது.

இனி சுருக்கமாக. ரயில் ஏறிய நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ரத்தத்தடவல். நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது, ஆராதனை முடியட்டும் என்பதும் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். ஒரு தடவை இல்லையென்று வந்தால் நம்பிவிடாதீர்கள், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி, தேவைப்பட்டால் மூன்றாம் தடவையும். டாக்டர் கேட்காவிட்டாலும் முதல் வாக்கியமாகவே ‘நான் இன்ன மாநிலத்திலிருந்து இன்ன தேதி வந்தேன்’ என்று சொல்லுங்கள், பெயரைக்கூட அப்புறம் சொல்லலாம். மலேரியா என்று தெரிந்தால் இங்கேயும் கொசுவலைக்குள் படுங்கள். அதைப் பரப்பும் கொசு தமிழ்நாட்டிலும் இருக்கிறது, அம்மாவுக்கு அன்பளிப்பாக அதைக் கொடுக்க வேண்டாம். மயக்கம், குழப்பமான பேச்சு, கண் மஞ்சள், சிறுநீர் கறுப்பு, மூச்சு வாங்குதல், இதில் ஒன்று இருந்தாலும் கிளினிக் கிளினிக்காக அலையாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

சக டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘எங்கிருந்து வருகிறீர்கள்?’ என்று நாம் கேட்பது சீட்டில் முகவரி எழுதத்தான். ‘கடைசி ஒரு மாதம் எங்கே தூங்கினீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் மாறும்.

அடுத்தது மே மாதம். பெற்றோர் வடக்கே இருக்க, பிள்ளைகள் இங்கே ஹாஸ்டலில் படிக்கிறார்கள். லீவுக்கு அப்பா அம்மாவிடம் போவார்கள். இவர்களுக்கு அந்த எதிர்ப்புச் சக்தியும் கிடையாது, போன முதல் நாளிலிருந்தே கொசுவுக்குப் புது ரத்தம். எட்டு வயதுக்கு மேல் என்றால் தடுப்பு மாத்திரை கொடுக்க வழி இருக்கிறது. டாக்சிசைக்ளின், கிளம்ப இரண்டு நாள் முன்பு தொடங்கி, திரும்பி வந்த பிறகும் நாலு வாரம். அந்த நாலு வாரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வலைதான், சாயங்காலமே வலை. தாத்தா பாட்டி பேரனைப் பார்க்கப் போனாலும் இதே கதைதான், முதலில் உங்கள் டாக்டரைப் பாருங்கள்.

ஹாஸ்டல் வார்டன்கள் யாராவது இதை வாசித்தால், ஜூனில் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கும்போது ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதிவையுங்கள்: எந்த மாநிலத்திலிருந்து வந்தான், எந்தத் தேதி, மாத்திரை இன்னும் எத்தனை மிச்சம். ஜூலையில் எவனாவது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினால், அந்த நோட்டையும் பையனோடு சேர்த்து அனுப்புங்கள்.