பிரேஸ் ஹைட்: நாணுக்கும் பிடிக்கும் நடுவில்

சேரம்பாடியில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் போனால் வயநாடு வந்துவிடும். அக்கா மகன் வில் பழகுவது அந்தப் பக்கம்தான். போன மாதம் பழைய காம்பவுண்ட் வில் (இரு நுனியிலும் கப்பி வைத்தது) ஒன்றை வாங்கி வந்தான். விற்றவர் 'செம ஸ்பீடு' என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். முதல் நாளே நாண் அடித்து, இடது முன்கை உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிற்று. பயிற்சி தரும் மாஷ் வில்லை வாங்கி அளந்து பார்த்துவிட்டு, "பிரேஸ் ஹைட்டு ஆறு இஞ்சே உள்ளு" என்றாராம், ஆறு அங்குலம்தான் இருக்கிறது என்று. பையன் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டான்: "மாமா, பிரேஸ்னா பல்லுக்குப் போடுற கம்பிதானே?"

ஒரு வகையில் ரெண்டும் ஒரே சொல்தான். லத்தீனில் கைகளைக் குறித்த சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. இரு கைகளாலும் அணைத்துப் பிடிப்பது, அப்புறம் இறுக்கிக் கட்டுவது என்று பொருள் விரிந்தது. வில்லை 'பிரேஸ்' செய்வது என்றால் வளைத்து நாண் மாட்டுவது. நம் மொழியில் நாணேற்றுவது. நாணேற்றி, இழுக்காமல் வைத்திருக்கும் வில்லில், பிடியின் உட்குழிவிலிருந்து நாண் வரை உள்ள தூரமே பிரேஸ் ஹைட். 'ஹைட்' என்று இருப்பதால் ஏமாறக் கூடாது. வில்லை மல்லாக்கக் கிடத்தினால்தான் அது உயரமாகத் தெரியும். அகராதியை விரித்து 'தாங்கு உயரம்' என்று பெயர்த்தால் அது பந்தல் காலுக்குத்தான் பொருந்தும்.

அந்தக் கால ஆங்கிலேய வில்லாளிகள் இதை அளக்கக் கோல் தேடவில்லை. கையை முட்டியாக மடக்கி, கட்டைவிரலை நிமிர்த்திப் பிடியின்மேல் வைப்பார்கள். விரல் நுனி நாணைத் தொட்டால் சரி. ஏறக்குறைய 7 அங்குலம் வரும். நம் கணக்கில் 12 விரல் ஒரு சாண் என்றால், இது ஒன்பது விரலைச் சுற்றி.

இந்த 7 அங்குலம் ஏன் முக்கியம்? நாண் அம்பைத் தள்ளுவது, முழுதாக இழுத்த இடத்திலிருந்து பழைய இடத்துக்குத் திரும்பும் வரைதான். பையனுடைய இழுப்பு 28 அங்குலம். அந்த அளவைப் பிடியின் குழிவிலிருந்து 1.75 அங்குலம் முன்னே தொடங்குவது வழக்கம், அதைக் கழித்தால் 26.25. இடைவெளி 7 என்றால் அம்பு தள்ளப்படும் தூரம் 19.25 அங்குலம். இடைவெளி 6 ஆனால் 20.25. இடைவெளி குறைந்தால் தள்ளு நீளும், அம்பு வேகமாகப் போகும். ஓர் அங்குலத்துக்கு விநாடிக்குப் பத்தடி என்பது வில்லாளிகளின் தோராயக் கணக்கு. விற்றவர் பொய் சொல்லவில்லை. பாதியைத்தான் சொன்னார்.

மீதிப் பாதியை ஆங்கிலத்தில் 'ஃபர்கிவிங்' என்பார்கள். மன்னிப்பு என்று எழுதினால் வில் பாவமன்னிப்பு தருவதுபோல் ஆகிவிடும். 'பிழை பொறுக்கும் வில்' என்பேன். குறைந்த இடைவெளி வில் பிழை பொறுக்காது. அம்பு கூடுதல் நேரம் நாணில் இருப்பதால்தான் என்று எல்லோரும் காரணம் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 290 அடியில் போகும் அம்பு அந்தக் கடைசி அங்குலத்தைக் கடக்க விநாடியில் 3,000-இல் ஒரு பங்குகூட ஆகாது. எனக்கு அது மட்டும் போதவில்லை. இடைவெளியைக் குறைக்க, பிடியை நாண் பக்கமாகத் தள்ளி அமைக்கிறார்கள். அப்போது கை, வில்லின் இறக்கைகள் (மேலும் கீழும் வளையும் பட்டைகள்) பொருந்தும் இடத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. மணிக்கட்டு சற்றே திரும்பினாலும் வில் முழுதும் திரும்பிக்கொள்கிறது. கூடவே நாண் முன்கைக்கு அருகில் வந்து நிற்கிறது. பையனின் கன்றல் அப்படி வந்ததுதான்.

1802-இல் வயநாட்டின் பனமரம் கோட்டையைத் தாக்கிய குறிச்சியப் பழங்குடியினர் கையில் இருந்த வில்லில் கப்பி கிடையாது. அப்படிப்பட்ட வில்லில், நுனி முன்பக்கம் வளைந்த இன்றைய 'ரீகர்வ்' வில்லில்கூட, நாணை நாலு முறுக்கு முறுக்கினால் அது குறுகி இடைவெளி கூடும். காம்பவுண்டில் அந்த வேலை வேண்டாம். இரண்டு கப்பிகளும் ஒன்றோடொன்று இசைந்து சுழல்வது கெட்டுவிடும். செய்தவர் வைத்த இடைவெளிதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மாஷ் நாணை 'ஞாண்' என்கிறார். பழந்தமிழிலும் அது ஞாண்தான். ஞண்டு நண்டானதுபோல ஞாண் நாணாயிற்று. மலையாளம் இரண்டையும் விடாமல் வைத்திருக்கிறது. நாமும் இடுப்பில் மட்டும் விடவில்லை: அரைஞாண். முதலில் 'நாணிடை' என்று யோசித்தேன், சுருக்கமாக இருக்கிறதே என்று. ஆனால் இடை என்றதும் அரைஞாண் நினைவுக்கு வந்து இடுப்பில் போய் நின்றுவிடுகிறது. 'நாண் இடைவெளி' என்று பையனுக்கு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் முன்கைக்குத் தோல் காப்பு கட்டிக்கொண்டு அதே வில்லோடு போனவன் மாஷிடம் இதைச் சொல்லியிருக்கிறான். "ஞாணகலம் என்னு பறஞ்ஞால் மதி" என்றாராம் அவர், ஞாணகலம் என்று சொன்னாலே போதும் என்று. அகலம் அவர்களுக்குத் தூரம், நமக்குக் குறுக்களவு. ஆனாலும் அகல்வது என்றால் நமக்கும் விலகுவதுதானே. என் சீட்டை வாங்கி, 'இடைவெளி'யை அடித்து 'நாணகலம்' என்று எழுதினேன்.