"அறை சூடானால் தானாக நின்றுவிடும்" என்று நம்பி ஹீட்டரைப் போனில் இணைக்காதீர்கள்

ஏற்காட்டில் குளிர் தொடங்கும் முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். போன பருவத்தில் ஒண்டிக்கடைக்கு அப்பால் ஒரு ஹோம்ஸ்டேயில், மெத்தையின் ஒரு பக்கம் முழுவதும் கருகிக் கிடந்தது. அறையில் ஆள் இல்லை. காவலுக்கு இருந்தவர் புகை வாசம் பிடித்து ஓடிப்போய் மெயினை அணைத்ததால் வீடு தப்பியது. நாகலூரிலும் மஞ்சக்குட்டையிலும் உருகிய பிளக்குகளை ஏற்கெனவே மாற்றியிருக்கிறேன். இந்த மெத்தையைப் பார்த்த பிறகு பொறுமை போய்விட்டது.

எல்லா இடத்திலும் ஒரே ஏற்பாடுதான். அறைக்கு ஒரு ஹீட்டர், தரையில் வைப்பது. சுவரில், போனிலிருந்தே ஆன், ஆஃப் செய்யக்கூடிய ஒரு ஸ்மார்ட் பிளக், அதோடு பேசும் ஒரு சிறிய வெப்பநிலை சென்சார். சேலத்தில் இருக்கும் உரிமையாளரின் போனில் ஒரு செயலி. அதில் அறைவாரியாக மண்டலம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டிகிரி. விருந்தினர் அடிவாரத்தைத் தாண்டியதும் போனைத் தட்டினால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி அவர்கள் வந்து சேர்வதற்குள் அறை கதகதப்பாகிவிடும் என்பது கணக்கு.

கருகிய மெத்தையின் பக்கத்தில் நின்றுகொண்டு உரிமையாளர் என்னைக் கேட்டார்: "22 டிகிரிதானே வைத்திருந்தோம்? அறை சூடானால் தானாக நின்றிருக்க வேண்டுமே, அண்ணா?"

இந்தக் கேள்வியை எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன், தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

வைத்த டிகிரி வந்ததும் சூட்டை நிறுத்தும் கருவிக்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர். இங்கே சென்சாரும் பிளக்கும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. அதற்குத் தெரிவது ஒரே ஒரு விஷயம்: தன் சென்சார் இருக்கும் இடத்தில் காற்று எத்தனை டிகிரி என்பது. ஹீட்டரின் மேல் என்ன கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. மழைக்காலத்தில் ஏற்காட்டில் துணி காயாது. காலையில் கிளம்பும் விருந்தினர் ஈரத்துண்டை ஹீட்டரின் மேலேயே விட்டுப் போகிறார். அல்லது அறையைச் சுத்தம் செய்ய வந்தவர் கட்டிலை ஒட்டி ஹீட்டரைத் தள்ளிவைக்கிறார். கம்பளி அதன்மேல் சரிகிறது. மாலையில் நீங்கள் சேலத்திலிருந்து போனைத் தட்டுகிறீர்கள். ஹீட்டர் ஓடத் தொடங்குகிறது. ஆனால் துணி மூடியிருப்பதால் சூடு அறைக்குள் பரவாமல் துணிக்கு அடியிலேயே தேங்குகிறது. சுவரில் இருக்கும் சென்சாரோ 15 டிகிரியிலேயே நிற்கிறது. 22 வரவில்லை, ஆகவே இன்னும் மின்சாரம் கொடு என்கிறது. துணிக்கு அடியில் சூடு ஏறிக்கொண்டே போகிறது. சென்சார் அசையவே இல்லை.

ஆகவே, துணி மூடிய ஹீட்டரைத் தெர்மோஸ்டாட் நிறுத்தாது. மூடியிருக்கிற காரணத்தாலேயே நிறுத்தாது. நீங்கள் பாதுகாப்பு என்று நம்பும் கருவிதான் அந்த நேரத்தில் ஹீட்டரை ஓட வைத்துக்கொண்டிருக்கிறது. 22-க்குப் பதில் 18 வைத்தாலும் இதே கதைதான்.

"எம்.சி.பி. ஏன் விழவில்லை?" என்பது அடுத்த கேள்வி. மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால் தானாக அணையும் போர்டு சுவிட்ச்தான் எம்.சி.பி. மூடிய ஹீட்டரும் வழக்கமான அளவு மின்சாரத்தைத்தான் இழுக்கிறது, எம்.சி.பி. விழுவதற்குக் காரணமே இல்லை. மின்கசிவு ஏற்பட்டால் அணைக்கும் ஆர்.சி.சி.பி.யும், இங்கே கசிவு இல்லாததால் விழாது. மிஞ்சியிருப்பது, அதிகம் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்க ஹீட்டருக்குள் இருக்கும் கட்‑அவுட் ஒன்றுதான். பல ஹீட்டர்களில் அது ஆறியதும் தானாக மறுபடி சேர்ந்துகொள்ளும் வகை. சென்சார் இன்னும் சூடு கேட்டுக்கொண்டிருப்பதால், நிற்பதும் எரிவதுமாக மணிக்கணக்கில் ஓடும். ஆள் இல்லாத அறையில் இதைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

ஹீட்டரோடு வந்த கையேட்டை யாரும் பிரிப்பதே இல்லை. பிரித்துப் பாருங்கள். டைமர், புரோகிராமர், தனி ரிமோட் கட்டுப்பாடு போன்ற, ஹீட்டரைத் தானாக இயக்கும் எந்தக் கருவியோடும் இதை இணைக்காதீர்கள், ஹீட்டர் மூடப்பட்டிருந்தால் தீப்பிடிக்கும் என்ற எச்சரிக்கையை அதில் பெரும்பாலும் காண்பீர்கள். சர்வதேசப் பாதுகாப்புத் தரம் அறை ஹீட்டர்களுக்குக் கேட்கும் வாசகம் அது. ஸ்மார்ட் பிளக் செய்வது அது தடை செய்யும் அதே வேலையைத்தான்.

"அமெரிக்காவில் என் பையன் வீட்டில் எல்லாம் போனில்தான் ஓடுகிறது" என்பார்கள். அங்கே ஓடுவது வேறு அமைப்பு. குளிர்நாடுகளில் சூடு உண்டாகும் இடம் பெரும்பாலும் அறைக்கு வெளியே இருக்கிறது: அடித்தளத்தில் ஒரு கொதிகலன் அல்லது உலை. அங்கிருந்து வெந்நீரோ சூடான காற்றோ குழாய் வழியே அறைக்கு வருகிறது. மண்டலம் பிரிப்பது என்றால் அந்தந்த அறைக்குப் போகும் வால்வையோ காற்றுத் தடுப்பையோ திறந்து மூடுவது. வெந்நீர் ரேடியேட்டரின் மேல் துண்டைப் போட்டால் அறை சூடாகத் தாமதமாகும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரின் சூட்டில் துண்டு பற்றிக்கொள்ளாது. தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். விஸ்கான்சினில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன் 1883-ல் மின் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். வகுப்பறையின் குளிரையும் சூட்டையும் கீழே உலையைப் பார்த்துக்கொள்பவருக்குத் தெரிவிப்பதுதான் அவருடைய நோக்கம். சூட்டின் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார்.

பிள்ளைகள் அங்கிருந்து வாங்கி அனுப்பும் தெர்மோஸ்டாட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க வீடுகளுக்கானவை பெரும்பாலும் 24 வோல்ட்டில் ஓடுபவை. அதை நம் 230 வோல்ட்டில் நேராகக் கொடுத்தால் எரிந்துபோகும். கொடுக்காதீர்கள்.

மண்டலவாரிக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் இழுக்கும். தொடர்ந்து ஓடினால், 50 மணி நேரத்தில் 100 யூனிட் தீர்ந்துவிடும். ஆளில்லாத அறைகளைச் சூடாக்காமல் விடுவது நல்ல சிக்கனம்தான். முறையாகச் செய்யுங்கள் என்கிறேன். சுவரில் நிலையாகப் பொருத்தும் பேனல் ஹீட்டர் வாங்குங்கள். வெளித் தெர்மோஸ்டாட்டோடு இயக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் போர்டிலிருந்து தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு வயர், தனி எம்.சி.பி., மொத்தத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த். தெர்மோஸ்டாட் 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் தாங்க வேண்டும், இல்லையென்றால் நடுவில், அதிக ஆம்பியரைத் தாங்கும் சுவிட்சான ஒரு காண்டாக்டர். சென்சாரை ஹீட்டருக்கு மேலேயும் வெயில் படும் சுவரிலும் வைக்காதீர்கள். தரையிலிருந்து ஐந்தடி உயரம் சரி. இரண்டு அறைக்கு நடுவில் கதவு மூடாது என்றால் அது இரண்டு மண்டலம் ஆகாது. பழைய ஓட்டு வீடுகளில் முதலில் கூரை இடுக்கை அடையுங்கள், ஹீட்டரை அப்புறம் பார்க்கலாம்.

மூன்று அறைக்கு மூன்று ஹீட்டர், ஒரு கெய்சர் என்றாலே 8 கிலோவாட். ஒரே பேஸில் (மின்முனையில்) சுமார் 35 ஆம்பியர். மின்வாரியத்தில் வாங்கிய அனுமதிச் சுமையைப் பாருங்கள், போதாவிட்டால் உயர்த்துங்கள். மும்முனை இணைப்பு இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஒரு பேஸ் போனதும் பேஸ் சேஞ்சரைத் திருப்பி எல்லாவற்றையும் ஒரே பேஸில் போடுவது நம் ஊர்ப் பழக்கம். ஹீட்டர்கள் ஓடும்போது அதைச் செய்தால் சுமை முழுவதும் ஒரே வயரில் ஏறும். ஹீட்டர் லைன்களைப் பேஸ் சேஞ்சருக்கு வெளியே வைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்குங்கள்.

செயலியில், மின்சாரம் திரும்பி வரும்போது பிளக் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும். பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. "பழைய நிலை" என்றோ "ஆன்" என்றோ இருந்தால், மழையில் நின்ற மின்சாரம் நள்ளிரவில் வரும்போது ஹீட்டரும் சேர்ந்தே எழும். உடனே "ஆஃப்" என்று மாற்றுங்கள். பிளக்குக்குள் இருக்கும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டால் செயலியில் ஆஃப் என்று காட்டினாலும் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். 30 டிகிரி வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது, அதே வேகம்தான்.

ஹீட்டர் பயத்தில் யாரும் மூடிய அறைக்குள் கரி மூட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்கள் எழுவதே இல்லை.

ஏற்கெனவே ஸ்மார்ட் பிளக்கில் தரை ஹீட்டர் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அதைக் கழற்றி, ஹீட்டரை 16 ஆம்பியர் சுவர்ப் பாயிண்டில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். விருந்தினர் வருகிறார்கள் என்றால் போனைத் தட்டுவதற்குப் பதில், மேலே இருக்கும் காவலாளி அண்ணனைக் கூப்பிடுங்கள். அவர் அறைக்குள் போய், ஹீட்டரைச் சுற்றி மூன்றடிக்குத் துணியோ திரையோ கட்டிலோ இல்லை என்று பார்த்துவிட்டுக் கையால் சுவிட்சைப் போடட்டும், அவர்கள் வந்து சேரும்வரை அங்கேயே இருக்கட்டும். அரை மணி நேரம் முன்னதாகப் போட்டால் போதும்.