பிளாக்பஸ்டர்: சொல் விளக்கம்

வெளியான மூன்றாம் நாளிலேயே ஒரு படத்தின் சுவரொட்டியில் 'பிளாக்பஸ்டர்' என்று அச்சிடுவது தமிழ்த் திரையுலகில் இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் அச்சொல் பிறந்த இடம் திரையரங்கு அன்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் வான்படை ஜெர்மன் நகரங்கள்மீது வீசிய ஒருவகைப் பெருங்குண்டுக்குச் செய்தித்தாள்கள் சூட்டிய பெயர் அது. இங்கே 'பிளாக்' என்பது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாம் 'ஏ பிளாக்', 'பி பிளாக்' என்று சொல்லும் தனிக்கட்டடம் அன்று. நாற்புறமும் தெருக்கள் சூழ்ந்த கட்டடத் தொகுதி முழுவதும் ஆகும். அப்படியொரு தொகுதியை ஒரே குண்டு தகர்த்துவிடும் என்ற மிகைக்கூற்றே பெயராக நிலைத்தது.

வான்படையின் ஆவணங்களில் இதற்கு 'மிகுகொள்ளளவுக் குண்டு' என்ற பொருள் தரும் பெயர் வழங்கியது; வீரர்கள் 'குக்கி' என்றார்கள். அடிப்படை வடிவத்தின் எடை 4,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,800 கிலோ. 1941 மார்ச் 31ஆம் நாள் இரவு ஜெர்மனியின் எம்டன் நகரின்மீது வெலிங்டன் விமானங்கள் இதை முதன்முதலாக வீசின. பின்னர் 8,000 பவுண்டிலும் 12,000 பவுண்டிலும் பெரிய வடிவங்கள் வந்தன.

இக்குண்டின் அமைப்பை அறியாமல் இதற்குத் தமிழ்ப்பெயர் தேடுவது வீண். சாதாரண வான்குண்டில் தடித்த எஃகு ஓடே எடையின் பெரும்பகுதியாக இருக்க, இதிலோ ஓடு மெல்லியது. மொத்த எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடிமருந்தே. எனவே இது நிலத்தைத் துளைத்து உள்ளே செல்லாது. தரையைத் தொட்டவுடன் வெடித்து, காற்றழுத்த அலையால் சுற்றுப்புறக் கூரைகளைப் பெயர்த்து, சன்னல்களையும் கதவுகளையும் சிதறடிக்கும். அதே விமானங்கள் கொட்டிய சிறு தீக்குண்டுகள் திறந்துகிடந்த வீடுகளுக்குள் விழுந்து தீமூட்டின. உடைந்த சன்னல்கள் அத்தீக்குக் காற்றூட்டின. ஆக, தொகுதியைத் தகர்ப்பதைவிட, அதை எரிவதற்கு ஆயத்தப்படுத்துவதே இக்குண்டின் முதன்மைப் பணியாக இருந்தது என்பதைப் பெயர் மறைத்துவிடுகிறது. ஜெர்மானியர் இதை 'லுஃப்ட்மீன', அதாவது வான்கண்ணி என்றும் அழைத்தனர்; வெடிக்காமல் புதைந்தவை இன்றும் அகப்படுகின்றன. 2017 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட்டில் இவ்வகைக் குண்டு ஒன்றைச் செயலிழக்கச் செய்வதற்காக 60,000க்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர்.

இதற்கு நேர்மாறான இன்னொரு குடும்பம் உண்டு. பிரிட்டன் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த 12,000 பவுண்டு 'டால்பாய்' (1944), 22,000 பவுண்டு 'கிராண்ட் ஸ்லாம்' (1945) ஆகியவை தடித்த ஓடும் கூர்முனையும் கொண்டு, மண்ணுக்குள் ஆழப் புகுந்து வெடித்து அடித்தளத்தையே அசைத்தன. 2025 ஜூனில் ஈரானின் ஃபோர்தோ அணுநிலையத்தின்மீது அமெரிக்கா வீசிய 30,000 பவுண்டு குண்டும் தன்மையால் இக்குடும்பத்தையே சேரும். அப்போது நம் செய்திகளில் அடிபட்ட 'பங்கர் பஸ்டர்' என்ற பெயர், 'பிளாக்பஸ்டர்' என்ற அச்சில் வார்க்கப்பட்டதுபோல் ஒலித்தாலும், முன்னது உட்புகுவது, பின்னது மேற்பரப்பில் வெடிப்பது. மாறாக, 2017 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹாரில் வீசப்பட்டு 'குண்டுகளின் தாய்' எனப் பேசப்பட்ட அமெரிக்கக் குண்டு, எடை மிகுதியாக இருந்தும், காற்றழுத்தத்தால் அழிக்கும் முதல் வகைக்கே நெருக்கமானது.

ஆகவே இரண்டு 'பஸ்டர்'களையும் ஒரே வினையால் பெயர்ப்பது பொருந்தாது. முதலாவதை 'மனைத்தொகுதித் தகர்ப்புக் குண்டு' எனலாம். சுருக்கம் கருதித் 'தகர்குண்டு' என்போரும் உண்டு. ஆனால் தகர்தல் தன்வினையாகவும் வழங்குவதால், தானே தகரும் குண்டு என்ற ஐயத்துக்கு அது இடமளிக்கிறது. 'துளை' என்னும் வினையில் அச்சிக்கல் இல்லை. எனவே இரண்டாவதைப் 'பதுங்குகுழித் துளைகுண்டு' என்பதே தகும். பதுங்குகுழி என்ற சொல்லை ஈழத்தமிழர் போர்க்காலத்தில் அன்றாட வழக்காகவே ஆக்கிவிட்டதால், அதற்கென்று புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

திரைப்படப் பொருளுக்கு வருவோம். நுழைவுச்சீட்டு வாங்க நின்ற வரிசை தெருத்தொகுதியையே சுற்றி வளைத்ததால் இப்பெயர் வந்தது என்று சொல்லப்படும் கதை, பின்னாளில் கட்டப்பட்டது. போர் நடந்துகொண்டிருந்த 1943இலேயே ஹாலிவுட் விளம்பரங்கள் குண்டின் பெயரைப் படங்களுக்குச் சூட்டத் தொடங்கிவிட்டன. தமிழில் சிலர் இதற்கு 'வெள்ளிவிழாப் படம்' என்று எழுதுகிறார்கள். அது இருபத்தைந்து வாரம் ஓடியதைக் குறிக்கும். ஓரிரு வாரங்களில் வசூலை அள்ளும் இன்றைய படத்துக்குப் பொருந்தாது. 'பெருவசூல் படம்' என்பது நேரடியானது. விமர்சகரின் பாராட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் 'பெருவெற்றிப் படம்' எனலாம்.